நார்வேஜிய மொழி, ஷோனா மொழி, அண்ணனின் ஒரு கேள்வி

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்டோபர் கடைசியில், நான் மாலை நேரத்தில் படிக்கும் நார்வேஜிய மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். தன் மொழியை அல்ல, கூட்டாளியின் மொழியை நார்வேஜியத்தோடு ஒப்பிட்டு வகுப்பில் பேச வேண்டும்.

2. எனக்குக் கூட்டாளியாக வந்தவள் சிப்போ. ஜிம்பாப்வேக்காரி, என் அலுவலகத்திலேயே வேறு பிரிவில் பொறியாளர். அவள் தாய்மொழி ஷோனா.

3. அதே வாரம் ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். "பக்கத்துல யார்னா கீறாங்களா?" என்று கேட்டான்.

4. இல்லை, தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். மழை பெய்கிறதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டான்.

5. அடுத்த வாரமும் அதையே கேட்டான். அதற்கடுத்த முறையும்.

6. நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் சிப்போ என் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. இந்த முறை, ஆமாம், இருக்கிறார்கள் என்றேன்.

7. அண்ணன் சொன்னான்.

மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்த வாரங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பின்னால் நடந்ததும் வந்து ஒட்டிக்கொண்டது.

*

முதலில் மொழிகள்.

நான் கணினிப் பொறியாளர். கடலின் ஆழம் அளக்கும் கருவிகளுக்கான மென்பொருளைச் சோதிப்பது வேலை. நார்வேயில் த்ரோன்ட்ஹெய்ம் ஊருக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். எதைக் கொடுத்தாலும் அட்டவணை போடுவேன். சிப்போவின் மொழிக்கும் போட்டேன். இடப்பக்கம் நார்வேஜியம், வலப்பக்கம் ஷோனா. தமிழுக்கு இடம் விடவில்லை, ஆசிரியை கேட்கவில்லையே.

நார்வேஜியம் சொல்லின் வாலில் வேலை செய்கிறது. 'ஹூஸ்' என்றால் ஒரு வீடு. நமக்குத் தெரிந்த அந்த வீடு என்றால் 'ஹூசெ'. ஷோனா தலையில் வேலை செய்கிறது. 'ம்வானா' ஒரு குழந்தை, 'வானா' பல குழந்தைகள். 'இம்பா' ஒரு வீடு, 'ஜிம்பா' பல வீடுகள். ஒரு சொல்லைப் பார்த்தால் வாலைப் பிடிப்பதா தலையைப் பிடிப்பதா என்று சில நாட்கள் குழம்பிப்போய் இருந்தேன்.

இரண்டு மொழிகளிலும் சொற்களுக்கு ராகம் உண்டு. எழுத்தில் அது தெரியாது. ஏற்றி இறக்கிச் சொல்வதில்தான் இருக்கிறது. வந்த புதிதில் நார்வேக்காரர்கள் எதைச் சொன்னாலும் பாடுவதுபோல் இருந்தது. சிப்போ அம்மாவோடு போனில் பேசும்போதும் அப்படியே. "உன் தமிழுக்கு ராகம் இல்லையா?" என்று கேட்டாள். சொல்லுக்கு இல்லை, சண்டைக்கு உண்டு என்றேன்.

மரியாதையில்தான் பெரிய தூரம். நார்வேஜியத்தில் டாக்டர், மேலாளர், பஸ் டிரைவர், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை எல்லோரும் 'து', அதாவது நீ. ஷோனாவில் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசினால் அவர் பலர் ஆகிவிடுவார். சிப்போ தன் அம்மாவை எப்போதும் பன்மையில்தான் சொல்வாள். "உங்கள் ஊரிலும் அப்படியா?" என்றாள். அப்பா வந்தார், அம்மா வந்தாள் என்று நாங்கள் சொல்வதை விளக்கினேன். "அம்மா மட்டும் ஏன் ஒருத்தி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வரியை அட்டவணையில் சேர்க்கவில்லை.

கடைசி வரி வணக்கங்களுக்கு. நார்வேஜியத்தில் "நன்றாகப் போகிறதா?" என்றால் "நன்றாகப் போகிறது" என்பார்கள், அவரவர் கணக்கு அவரவருக்கு. ஷோனாவில் காலையில் "மரரா ஹெரே?", தூங்கினீர்களா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் "ந்தரரா கானா மரராவோ". நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்று பொருள். தனியாக ஒருவர் நன்றாக இருந்துவிட அந்த மொழி விடுவதில்லை.

இதை அழகான வரி என்று நினைத்து அட்டவணையில் பச்சை வண்ணம் போட்டு வைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

*

எங்கள் வீடு ஆவடியை அடுத்த அண்ணனூரில். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நானும் அண்ணனும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினார். பால்கனியில் நின்றால் எதிர் ஷெட்டில் மின்சார ரயில்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது ஒரு ரயிலாவது ஹாரன் அடிக்கும். அப்பா அதை எங்கள் வீட்டுப் பூனை என்பார்.

அண்ணன் சரவணனுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பெற்றோருடனே இருக்கிறான். குவார்ட்டர்ஸில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்ததால் பல ஊர்த் தமிழ் காதில் விழுந்தது. அண்ணன் பிடித்துக்கொண்டது ஆவடித் தமிழை. அவன் வாயில் 'கீது' வந்தால் அம்மா இன்றைக்கும், "நல்ல வார்த்தை வராதாடா உனக்கு?" என்பாள். அவன், "இதுக்கு இன்னாம்மா கொறச்சல்?" என்பான்.

அந்த அக்டோபர் அழைப்பு வியாழக்கிழமை வந்தது. இங்கே மதியம் தாண்டி இருட்டத் தொடங்கியிருந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, இன்னா பண்ற?"

"வேலைதான்ணா. என்ன இந்நேரத்துக்கு?"

"சும்மாதான். பக்கத்துல யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்ல. தனியாத்தான் இருக்கேன். ஏன்?"

ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. டீக்கடையில் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் வீட்டில் இல்லை, தெருவில் நின்று பேசுகிறான் என்று காதுக்குத் தெரிந்தது. மனதுக்கு அது போய்ச் சேரவில்லை.

"ஒண்ணும் இல்ல. அங்க மழையா?"

"பனி."

"சரி, சாப்ட்டு வேலையப் பாரு."

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதுகிறேன். அம்மா சொல்லிக் கேட்கிறான் என்று நினைத்தேன். எனக்கு முப்பது நெருங்குகிறது. வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா, வெள்ளைக்காரன் எவனாவது வந்து போகிறானா என்று வேவு பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டபோது எரிச்சலோடு, "யாரும் இல்லண்ணா, யாரும் வரவும் இல்ல. அம்மாகிட்ட போய்ச் சொல்லு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கேலி செய்தால் இரண்டாகத் திருப்பித் தருகிறவன். "சரி பாப்பா" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிறுகளில் அம்மா வீடியோவில் வந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டே சமையலறை, பால்கனி, துணி உலர்த்தும் இடம் என்று நடப்பாள். எனக்குத் தலை சுற்றும். இப்போது கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கேட்டால், "ராத்திரிச் சோறை விட்டுட்டேன்டி, எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க" என்றாள். பின்னால் அப்பா டம்ளரோடு வந்தார். "பாத்தியா, உங்கப்பா இப்ப காபி போடறார். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அடுப்பு எங்க இருக்குன்னு கண்டுபுடிச்சிட்டார்." அப்பா வெட்கப்பட்டார். ஷெட்டில் பூனை கத்தியது. எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது.

*

இந்த ஊரில் செய்தி எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வரியோ வாடகையோ மருத்துவப் பரிசோதனையோ, முடிவு கைபேசியில் இருக்கும் மின் தபால்பெட்டிக்கு வரும். பூட்டைத் திறந்து நாமே தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். என் பிரிவில் ஒரு பெண், பெயர் வேண்டாம், சாப்பாட்டு வேளையில் ரொட்டியின் மேல் சீஸை வைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குக் கட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். என் சோதனை வேலைகளை நீ பார்த்துக்கொள்ள முடியுமா?" சுற்றி இருந்தவர்கள் 'யா' என்றார்கள். இந்தப் பக்கத்தில் ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். வந்த புதிதில் அதைக் கேட்டுப் பயந்திருக்கிறேன். நம் வீடுகளில் கெட்ட செய்தி கேட்டவுடன், வாய்விட்டு அழுவதற்கு முன்னால், அந்த மூச்சு உள்ளே போகும். இங்கே பஸ் வருமா என்று கேட்டாலும் அதே மூச்சு.

அவள் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வேலை சுத்தம். என்ன பிரச்சினை, எப்போது, யார் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் இப்படிப் பேசினால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

*

நவம்பர் ஞாயிறு. மறுநாள் வகுப்பில் பேச வேண்டும் என்பதால் சிப்போ வந்திருந்தாள். வாசலிலேயே ஷோனா வழக்கப்படி முழங்காலை லேசாக மடக்கி, குவித்த கைகளை மெல்லத் தட்டி, "மதிய வணக்கம், இந்த வீட்டில் ஒரே ஆளாக இருப்பவரே" என்று நாடகத்தோடு வணங்கினாள். மேசையில் அட்டவணையை விரித்து வைத்தோம். 'தனியாக' என்ற சொல்லுக்கு வந்திருந்தோம். நார்வேஜியத்தில் 'அலேனெ'. அதோடு நேரம் என்ற சொல்லைச் சேர்த்து, தனியாக இருக்கும் நேரம் என்று ஒரு நல்ல பொருள் செய்திருக்கிறார்கள். அலுவலகத்தில் அதைப் பரிசுபோல் சொல்வார்கள். ஷோனாவில் 'ந்தெகா'.

"அதில் நல்ல பொருள் எதுவும் இல்லை," என்றாள் சிப்போ. "எங்கள் ஊரில் ஒருவர் தனியாக இருக்கிறேன் என்றால், அடுத்த கேள்வி, ஏன், என்ன ஆயிற்று?"

"எங்கள் அண்ணனும் இதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்," என்றேன். "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, யாராவது இருக்கிறார்களா என்று. அம்மா வைத்த ஒற்றன்."

நான் சிரித்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை முறை கேட்டார்?"

"மூன்று முறை."

"நீ என்ன சொன்னாய்?"

"தனியாக இருக்கிறேன் என்று."

"அப்புறம்?"

"ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவான்."

சிப்போ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு ஒரு கதை சொன்னாள். ஹராரேயில் படிக்கும்போது ஒரு நாள் அவள் அறைக்குப் பக்கத்து அறைத் தோழி காரணமில்லாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாளாம். எதுவும் பேசாமல் சிப்போவின் பிஸ்கட்டை எடுத்துத் தின்றாளாம். பாதிப் பாக்கெட் காலியான பிறகு சிப்போவின் மாமாவிடமிருந்து போன் வந்தது. அத்தை இறந்துவிட்டாள். மாமா முதலில் தோழியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்: எதுவும் சொல்லாதே, போய்ப் பக்கத்தில் உட்கார், அது போதும். "தனியாக இருப்பவரிடம் சொல்ல மாட்டோம். அன்றிலிருந்து யாராவது சும்மா வந்து என் பிஸ்கட்டைத் தின்றால் முதலில் போனைத்தான் பார்ப்பேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் குவார்ட்டர்ஸ் நினைவு வந்துவிட்டது. செய்யாறில் தாத்தா இறந்த செய்தி எதிர்வீட்டு அத்தைக்குத்தான் முதலில் வந்தது. அத்தை எங்கள் வீட்டுக்குள் வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். உலையில் அரிசி இருந்தது. அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்து, ஒட்டி உட்கார்ந்து, அதற்குப் பிறகு சொன்னாள். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும்: யாராவது வந்து கேட்காமல் அடுப்பை அணைத்தால் அழத் தயாராகலாம். இது எனக்குத் தெரிந்த மொழி. பிறந்ததிலிருந்து தெரிந்த மொழி.

"அடுத்த முறை நான் இருக்கிறேன் என்று சொல்," என்றாள் சிப்போ.

அடுத்த முறை அன்றைக்கே வந்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். பின்னால் ஒரு ரயில் அறிவிப்பு. பிளாட்பாரத்திலிருந்து பேசுகிறான்.

"பாப்பா. பக்கத்துல யார்னா..."

"இருக்காங்கண்ணா. ஃப்ரெண்டு இருக்கா. பக்கத்துலயே உக்காந்திருக்கா."

"நெசமாவா? சும்மா சொல்லாத."

போனை சிப்போவிடம் நீட்டினேன். அவள் ஆங்கிலத்தில், நான் இங்கேதான் இருக்கிறேன் அண்ணா, இன்று முழுக்க இருப்பேன் என்றாள். நான் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான், அண்ணா.

அண்ணன் மூச்சு விடுவது கேட்டது.

"அம்மாக்கு வயித்துல கட்டி பாப்பா. அல்சர்னு நெனச்சுகினு இருந்தோம். டெஸ்டு எடுத்து... அதான். அதேதான். கொஞ்சம் பரவிக்கீதாம். அம்மாக்குத் தெரியாது. நைனாக்கும் தெரியாது. அல்சர்னு சொல்லி வச்சுகீறேன்."

"எப்பண்ணா தெரியும் உனக்கு?"

"தீவாளிக்கு முன்னாடியே."

"ஏண்ணா சொல்லல?"

"எப்டி சொல்றது? ஒவ்வொரு தபாவும் தனியா கீறேன், தனியா கீறேன்ற. அவ்ளோ தூரத்துல, அந்த இருட்டுல, ஒண்டியா இதக் கேட்டுட்டு இன்னா பண்ணுவ நீ?"

பிறகுதான் நான் கேட்டேன். "டாக்டர் உன்கிட்ட சொன்னப்ப உன் பக்கத்துல யாருண்ணா இருந்தா?"

ரயில் வந்து நின்றது, கதவுகளில் கூட்டம் ஏறி இறங்கியது, ரயில் போனது. அவன் ஏறவில்லை.

"கூட யார் வந்திருக்கீங்கன்னு கேட்டாரு. நாந்தான்னு கை தூக்கினேன்," என்றான்.

சிப்போ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. நாம் துக்கம் விசாரிக்கப் போவதற்கு அவர்கள் மொழியில் 'குபாதா மாஓக்கோ' என்பார்கள், கைகளைப் பிடிப்பது. சாவுக்குச் சொல்லும் சொல். அன்றைக்கு அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்களன்று வகுப்பில் என் பங்கையும் சேர்த்து அவள் மட்டும் பேசினாள். நான் விமானத்தில் இருந்தேன்.

*

அம்பத்தூர் பக்கம் ஒரு மருத்துவமனையில், மூன்று கட்டில் போட்ட அறையில், ஜன்னல் ஓரக் கட்டில் அம்மாவுக்கு. அல்சருக்குச் சத்து மருந்து ஏற்றுவதாகச் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். நான் ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன்: மிச்ச லீவு வீணாகப் போகிறது, அதனால் வந்தேன். விமானத்தில் அதைப் பல முறை சொல்லிப் பார்த்தேன். தமிழ், ஆங்கிலம், நார்வேஜியம், மூன்று மொழிகளிலும் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா முழுதாகக் கேட்டாள். தலையணையைச் சரி செய்யச் சொன்னாள்.

"அண்ணன் எங்கடி?"

"கீழ மருந்து வாங்கறான்."

"வரட்டும்."

"எதுக்கும்மா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் வந்து உன் பக்கத்துல உக்காரட்டும். தனியா வச்சுச் சொல்லக் கூடாது."

பக்கத்துக் கட்டில்காரரின் மகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை இன்னும் போகவில்லை.

அண்ணன் மருந்துப் பையோடு வந்தான். "உக்காருடா. அவ பக்கத்துல," என்றாள் அம்மா. அவன் என் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

"எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

"அல்சர்மா..."

"சும்மா இருடா. பத்து வருஷமா வீட்டுக்கு வந்ததும் போனைப் பாத்துட்டுப் படுத்துக்குவ. இப்ப தினம் என் கால்மாட்டுல உக்காந்து, இன்னாமா சாப்ட்ட, இன்னாமா சாப்ட்டன்னு கேக்கற. எந்த அல்சருக்குடா புள்ளைங்க அப்படிக் கேப்பாங்க?" என் பக்கம் திரும்பினாள். "இவ ஒருத்தி. லீவு மிச்சமாம். அண்ணனுக்குப் பொண்ணு பாக்க வாடின்னப்ப இல்லாத லீவு."

அண்ணன் குனிந்துகொண்டான். அவன் தோள் என் தோளில் இடித்து இடித்து நடுங்கியது. அப்போதுதான் புரிந்தது, அம்மா அவனை என் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்கவில்லை, என்னையும் அவன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள் என்று.

"அழுது முடிச்சீங்களா? அடுத்தது கேளுங்க," என்றாள். "உங்கப்பா வீட்டுல ஒண்டியா இருக்கார். போன்ல கீன்ல சொல்லிடாதீங்க. நான் வீட்டுக்கு வரேன். ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் உக்காருங்க. சொல்றது நான்."

*

சிப்போவிடமிருந்து தினமும் காலையில் ஒரு செய்தி வருகிறது. "மரரா ஹெரே?" நீ தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்று பதில் அனுப்புகிறேன். இரண்டு பேரும் பொய் சொல்கிறோமோ என்னவோ, அந்த வரியில் அதற்கு இடமிருக்கிறது. வகுப்பில் நன்றாகப் போனதாம். ஆசிரியை, நார்வேஜியத்துக்கும் ஷோனாவுக்கும் முக்கியமான வேறுபாடு என்ன என்று கேட்டிருக்கிறார். வாலும் தலையும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.

இன்றைய நிலைமை இது.

அம்மாவுக்குத் தெரியும். அண்ணனுக்கும் எனக்கும் தெரியும். டாக்டர் சிகிச்சையை அடுத்த வியாழக்கிழமை தொடங்குகிறார். எவ்வளவு தூரம் பலன் இருக்கும் என்று நார்வேயில் கேட்பதுபோல் நேராகக் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். பிறகு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். என் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறேன், தேதி போடவில்லை. அப்பாவுக்கு இன்னும் அல்சர் என்றுதான் தெரியும். நாளைக்கு அம்மா வருகிறாள் என்று காலையிலேயே பால் வாங்கி வைத்துவிட்டார், காபி போட வேண்டுமாம்.

நாளை மாலை அம்மா வீட்டுக்கு வந்ததும் சொல்வதாக முடிவு. அப்பாவின் வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் நான். பேசுவது அம்மா.

அதற்கு முன்னால் அடுப்பை அணைப்பது என் வேலை.